குடிமதிப்பும் சபைப் பதிவேடும்: முன்னோரைத் தேடுவோர் பொருட்டுச் சில குறிப்புகள்

அண்மை ஆண்டுகளில் சேகரக் குருமாரை நாடி வருவோருள் ஒரு புதுவகையினர் பெருகியுள்ளனர். இவர்கள் திருமணச் சான்றோ ஞானஸ்நானச் சான்றோ வேண்டி வருபவர் அல்லர். தம் பாட்டனாரின் பாட்டனார் யார், அவர் எவ்வூரிலிருந்து வந்தவர், எந்த ஆண்டில் யார் கையால் ஞானஸ்நானம் பெற்றார் என்று கேட்டு வருகின்றனர். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் மட்டுமன்றிக் கடல்கடந்த நாடுகளிலிருந்தும் இத்தகைய கடிதங்கள் வருகின்றன. விடை கூறும் பொறுப்பு, பழைய ஏடுகளைத் தம் அலமாரியில் காத்துவரும் குருவானவர்மேல் விழுகிறது. இறையியற் கல்லூரிகளில் நாம் திருச்சபை வரலாறு கற்கிறோம். ஆயினும் ஓர் ஏழைக் குடும்பத்தின் வரலாற்றை ஏட்டிலிருந்து எடுத்துரைக்கும் முறையை நமக்குக் கற்பிப்பார் அரியர். ஆகவே, சிறப்பாகத் திருநெல்வேலிச் சபைகளை மனத்திற்கொண்டு, இதுபற்றிச் சில கருத்துகளை முன்வைக்க விரும்புகிறோம்.

குடிமதிப்பு தருவதும் தராததும்

தேடத் தொடங்குவோர் பலரும் முதலில் கேட்பது அரசாங்கக் குடிமதிப்பையே. இங்கிலாந்தில் இது இயல்பான வழி. அங்கே 1841ஆம் ஆண்டுமுதல் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தோரின் பெயர்கள் எழுதப்பட்ட குடிமதிப்பு ஏடுகள் காக்கப்பட்டுள்ளன. நூறாண்டு கழிந்ததும் அவை பொதுமக்கள் பார்வைக்கு வருகின்றன. 1921ஆம் ஆண்டின் ஏடுகள் 2022இல் வெளிவந்தன. 1931ஆம் ஆண்டினவோ 1942இல் தீக்கிரையாயின. அந்நாட்டில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் பேரன் தன் பாட்டன் எந்தத் தெருவில், எத்தனை பேருடன், என்ன தொழில் செய்து வாழ்ந்தான் என்பதை ஒரே நாளில் அறிந்துகொள்ளலாம்.

நம் நாட்டின் நிலை வேறு. சென்னை மாகாணத்தில் 1851–52 தொடங்கி ஐந்தாண்டுக்கொருமுறை மக்கள்தொகை எண்ணப்பட்டது. 1871இல் முறையான குடிமதிப்பு எடுக்கப்பட்டது. 1881 பெப்ருவரி 17ஆம் நாள் இந்தியா முழுவதும் ஒரே நேரத்தில் எண்ணும் முறை வந்தது. அப்போதும் வீடுவீடாகச் சென்று பெயர் எழுதத்தான் செய்தனர். ஆனால் அத்தாள்களின் பயன் கூட்டுத்தொகை எடுப்பதோடு முடிந்துவிட்டது. தொகைகள் அட்டவணைகளாகி அச்சேறின. பெயர் எழுதிய தாள்கள் காக்கப்படவில்லை. இன்று நடைமுறையிலுள்ள 1948ஆம் ஆண்டின் குடிமதிப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவோ, எண்ணுவோர் எழுதும் ஏடுகளை எவரும் பார்வையிட இயலாது, அவற்றை வழக்குமன்றத்தில் சான்றாகக் காட்டவும் இயலாது என்று விதிக்கிறது. எனவே, தம் கொள்ளுப்பாட்டனார் பெயர் 1881ஆம் ஆண்டின் குடிமதிப்பில் இருப்பதாக யாரேனும் உரைப்பின், அதனை அன்புடன் மறுத்துரைக்க வேண்டியதே நம் கடன்.

அவ்வாறாயின் அவ்வறிக்கைகளால் பயனே இல்லையோ எனின், உண்டு. பெயரை அவை தாரா. பெயர் வாழ்ந்த காலத்தைத் தரும். 1871ஆம் ஆண்டின் சென்னை அறிக்கையை எழுதியவர் மாகாணச் சுகாதார ஆணையராயிருந்த டாக்டர் கார்னிஷ். அவ்வறிக்கையின்படி மாகாண மக்கள் ஏறத்தாழ 3 கோடியே 12 இலட்சம். பத்தாண்டு கழித்து எண்ணியபோது அத்தொகை வளரவில்லை. சிறிது குறைந்தே இருந்தது. இடையில் வந்தது 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம். நம் முதியோர் வாயில் இன்றும் ‘தாது வருஷப் பஞ்சம்’ என வழங்குவது இதுவே. சேலம் போன்ற மாவட்டங்களில் வீழ்ச்சி மிகக் கொடியதாயிருந்தது. ஒரு குடும்பத்தின் கொடிவழியில் அவ்வாண்டுகளில் மூவர் நால்வர் ஒருசேர மறைவதைக் காணும்போது, இவ்விரு அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்க்கு அதன் பொருள் விளங்கும். இங்கே ஒன்றைக் குறிப்பிடாதிருக்க இயலவில்லை. மக்களை எண்ணிய அதே கார்னிஷ், பஞ்ச காலத்தில் நிவாரண வேலைசெய்தோர்க்கு நாளொன்றுக்கு ஒரு இராத்தல் தானியமே போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் விதித்தபோது, அது உயிர் காக்கப் போதாது என்று வாதாடி நின்றார். எண்களுக்குப் பின்னால் முகங்களைக் கண்ட அதிகாரி அவர்.

அறிக்கைகளைப் படிப்போர் கருத்தில் கொள்ளவேண்டிய மற்றொன்று சாதிப்பெயர்களின் மாற்றம். 1901இல் ரிஸ்லியின் தலைமையில் நடந்த குடிமதிப்பு, சாதிகளைச் சமூக மதிப்பின்படி வரிசைப்படுத்த முயன்றது. அதன் விளைவாக விண்ணப்பங்கள் குவிந்தன; ஒவ்வொரு குலத்தாரும் தமக்குப் புராண வழி காட்டும் நூல்களை அச்சிட்டனர். தென்மாவட்டங்களில் பெருந்தொகையினரான ஒரு மக்கட்கூட்டம் நெடுநாள் இழிவுபடுத்திய பழைய பெயர் நீங்கி, 1921இல் அரசாணைப்படி ‘நாடார்’ என்ற பெயரால் குறிக்கப்பட்டது. ஆகவே ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறை மூன்று அறிக்கைகளில் மூன்று பெயர்களின்கீழ் எண்ணப்பட்டிருத்தல் கூடும். 1931க்குப் பின் எல்லாச் சாதிகளையும் முழுமையாகக் காட்டும் அட்டவணைகள் வெளியாகவில்லை. சாதிப் பெருமை பேசும் குடும்ப நூல்கள் பலவற்றின் ஊற்று 1901க்குப் பின் எழுந்த அச்சுப் பிரசுரங்களே அன்றிப் பழைய ஏடுகள் அல்ல என்பது எம் கருத்து.

சபைப் பதிவேடுகள்

அரசு காக்காத பெயர்களைத் திருச்சபை காத்தது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க்கும் புளுட்சோவும் அடுத்த ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் ஐவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தனர். அந்த ஐவரும் டேனியரின் வீடுகளில் அடிமைகளாயிருந்தோர். தமிழகத்துச் சீர்திருத்தச் சபையின் முதற்கனிகள் கூலியற்ற ஊழியராயிருந்தனர் என்பதை நம் குடும்ப வரலாறுகள் எழுதுவோர் எளிதில் மறந்துவிடுகின்றனர். அக்காலத்து அலுவல்கள் ஜெர்மனியின் ஹாலே நகருக்கு எழுதி அனுப்பப்பட்டன. அங்குள்ள பிராங்கே நிறுவனங்களின் காப்பகத்தில் அவை இன்றும் உள்ளன. எழுதுவோர் பற்றாத நம் நாட்டில் வாழ்ந்த எளியவர் சிலரின் பெயரும் பேச்சும் ஜெர்மானிய நகரமொன்றில் காக்கப்பட்டிருப்பது வியப்பே.

திருநெல்வேலிக்கு வருவோம். 1778இல் சுவார்ச் ஐயரால் ஞானஸ்நானம் பெற்ற கிளாரிந்தா அம்மையாரைச் சுற்றி எழுந்த பாளையங்கோட்டைச் சபையின் பட்டியல் 1780இல் எழுதப்பட்டது. அதில் இருந்தோர் 40 பேர். கால்டுவெல் அத்தியட்சர் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி மிஷனின் தொடக்ககால வரலாற்றில் இதனைக் காணலாம். மாவட்டம் முழுதும் பரந்து நிற்கும் சபைகளின் ஏட்டு வரலாறு அந்த நாற்பது பெயர்களில் தொடங்குகிறது. அதற்குமுன் தமக்குக் கிறிஸ்தவக் கொடிவழி உண்டெனக் கூறும் இம்மாவட்டத்துச் சீர்திருத்தச் சபைக் குடும்பத்தார், தஞ்சை, திருச்சி, தரங்கம்பாடி ஏடுகளைத்தான் நாடவேண்டும்.

இனி ஏட்டைப் படிக்கும் முறை. ஞானஸ்நானப் பதிவேடு, விவாகப் பதிவேடு, அடக்கப் பதிவேடு ஆகிய மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஒழிய ஒன்றும் உறுதிப்படாது. நம் மக்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரே தலைப்பெழுத்தாகி நிற்கிறது. ஆகவே தலைமுறைக்குத் தலைமுறை அத்தலைப்பெழுத்து மாறுகிறது. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் ‘பெயரன்’ என்ற வழக்கின்படி, ஞானமுத்துவின் மகன் வேதமாணிக்கம், வேதமாணிக்கத்தின் மகன் ஞானமுத்து என மாறிமாறி வருவதுண்டு. ஒரே ஊரில் ஒரே காலத்தில் ஞானமுத்து மகன் வேதமாணிக்கம் என்போர் இருவர் மூவர் இருந்தால் யாது செய்வது? மனைவியின் பெயரும், பிள்ளைகளின் வரிசையும், தொழிலும், ஞானத்தகப்பன்மாராய் நின்றோரின் பெயர்களும் ஒத்துவருகின்றனவா என்று பார்த்தே முடிவு செய்தல் வேண்டும். பெரியவராயிருந்து மனந்திரும்பியோரின் பழைய பெயர் சில ஏடுகளில் எழுதப்பட்டுள்ளது, சிலவற்றில் இல்லை. மிஷன் பாடசாலைகளில் தங்கிப் படித்த பிள்ளைகளுக்கு அவர்களைத் தாங்கிய மேனாட்டு நன்கொடையாளரின் பெயரை இடும் வழக்கமும் இருந்தது. எனவே ஓர் ஆங்கிலப் பெயரைக் கண்டவுடன் ஆங்கில இரத்தத்தைத் தேடிப் புறப்படலாகாது.

பெண்களின் வழி மிக எளிதில் அறுந்துபோகிறது. மணமகளின் தந்தை பெயரை விவாகப் பதிவேடு தருகிறது. அவள் தாயின் பெயரைத் தருவது அரிது. அவள் பிறந்த ஊர்ச் சபையின் ஏட்டைத் தேடினாலன்றி அவள் தாய்வழி தெரியவராது. கணவன் வீட்டுக்கு வந்தபின் அவள் பெயர் பிள்ளைகளின் ஞானஸ்நானத்தின்போது ஒரு கட்டத்தில் வரும். பின்பு அடக்கப் பதிவேட்டில் இன்னாரின் மனைவி என்றோ தாய் என்றோ வரும். கொடிவழிப் படங்களில் நாம் காணும் ஆண்பெயர்களின் நெடுவரிசை, ஏடுகளின் இக்குறையால் நேர்ந்ததேயன்றி உண்மையின் வடிவம் அன்று.

காலக்கணக்கிலும் விழிப்பு வேண்டும். ‘தாது வருஷத்தில் பிறந்தவர்’ என்று பாட்டியார் கூறினால் அது 1876–77. ஆனால் அறுபதாண்டுச் சுழற்சியில் 1816–17ஆம் ஆண்டும் தாதுவே. திருநெல்வேலிப் பத்திரங்களில் கொல்லம் ஆண்டு வழங்கியது. ஆவணியில் ஆண்டு பிறக்கும் அக்கணக்கில், ஆவணிமுதல் டிசம்பர் இறுதிவரை 824ஐயும், ஜனவரிமுதல் ஆடி முடிய 825ஐயும் கூட்டினால் கிறிஸ்து ஆண்டு கிடைக்கும். வயதைப் பொறுத்தவரை, முப்பது, நாற்பது, ஐம்பது என முழு எண்ணாகவே எழுதப்பட்டிருப்பின் அதனைத் தோராயம் என்றே கொள்ளவேண்டும்.

ஊர்ப்பெயர்களும் வரலாறு பேசும். 1799இல் தாவீது சுந்தரானந்தம் முன்னின்று அமைத்த முதலூர், அதன்பின் எழுந்த நாசரேத், மெய்ஞ்ஞானபுரம், சாயர்புரம், டோனாவூர் முதலியன, துன்பப்பட்டோ நிலமின்றியோ வந்த கிறிஸ்தவர்களைக் குடியேற்றிய ஊர்கள். இத்தகைய ஊர்களுக்கு நிலம் வாங்குவதற்கென்றே ரேனியஸ் ஐயர் 1830இல் தர்மசங்கத்தை ஏற்படுத்தினார். ஆகவே ‘எங்கள் பூர்வீகம் இன்ன புரம்’ என்று ஒருவர் சொன்னால், அங்கு வருமுன் அவர் முன்னோர் எவ்வூரிலிருந்தனர் என்ற கேள்வி எழவேண்டும். 1835இல் ரேனியஸ் மிஷன் சங்கத்தைவிட்டுப் பிரிந்தபோது சபைகளும் இரண்டுபட்டன. 1838இல் அவர் காலமானார். அவ்விடைக்காலத்தில் ஒரே குடும்பத்தை இருவேறு தொகுப்புகளில் தேட நேரலாம்.

ஏட்டுக்கு வெளியேயும் துணைகள் உண்டு. சார் பதிவாளர் அலுவலகத்துக் கிரயப் பத்திரங்கள் விற்போர், வாங்குவோரின் தகப்பன் பெயரையும் ஊரையும் நிலத்தின் நான்கெல்லையையும் தரும். எல்லைக்காரரின் பெயர்களில் பங்காளிகளைக் கண்டுகொள்ளலாம். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இனாம் பதிவேடுகள் உள்ளன. ஸ்டூவர்ட்டின் 1879ஆம் ஆண்டு மாவட்டக் கையேடும், பேட்டின் 1917ஆம் ஆண்டுக் கசட்டியரும் ஊர்ச் செய்திகள் நிறைந்தவை. மிஷன் சங்கங்களின் கடிதங்கள் பர்மிங்காம், ஆக்ஸ்போர்டு, இலண்டன் நகரங்களின் பல்கலைக்கழக நூலகங்களிலும், மதுரை அமெரிக்க மிஷனுடையவை ஹார்வர்டிலும், நம் நாட்டில் பெங்களூர் ஐக்கிய இறையியற் கல்லூரியின் காப்பகத்திலும் உள்ளன. ஆனால் நிலமும் பத்திரமும் இல்லாதவன் இவற்றுள் பெரும்பாலானவற்றில் இடம்பெறுவதில்லை. அவன் பெயர் அவன் வாழ்நாளில் எழுதப்பட்ட ஒரே இடம் சபைப் பதிவேடாயிருத்தல் கூடும்.

ஏடுகள் எரிந்த நாடு

ஏடு காப்பதில் அயர்லாந்து நமக்கு ஒரு பாடநூல். அங்கே 1861முதல் 1891வரை எடுத்த நான்கு குடிமதிப்புகளின் ஏடுகளை அரசாங்கமே அழித்துவிட்டது. அதற்கு முந்தியவை டப்ளின் நகரப் பொது ஆவணக் காப்பகத்தில் இருந்தன. அயர்லாந்து ஆங்கிலிக்கன் சபையின் பதிவேடுகளும் பாதுகாப்பைக் கருதி ஊர்ச் சபைகளிலிருந்து அங்கே கொண்டுசேர்க்கப்பட்டன. 1922 ஜூன் மாதம் உள்நாட்டுப் போரின்போது அக்கட்டடம் வெடித்து எரிந்தது. நூற்றாண்டுக் கணக்கான ஏடுகள் சாம்பலாயின. தப்பியவை எவை? ஊர்ச் சபைகளிலேயே விடப்பட்டவையும், அனுப்புமுன் யாரேனும் படியெடுத்து வைத்தவையுமே.

மற்றொரு வகையாலும் சில தப்பின. 1908இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தபோது, எழுபது வயதை மெய்ப்பிக்கப் பிறப்புச் சான்று இல்லாத ஏழைகள் திரளாயிருந்தனர். அயர்லாந்தில் பிறப்புப் பதிவு தொடங்கியதே 1864இல்தான். ஆகவே அவர்கள் பொருட்டு 1841, 1851ஆம் ஆண்டுகளின் குடிமதிப்பு ஏடுகளில் அவர்தம் பெற்றோர் வீடுகள் தேடப்பட்டு, கண்ட செய்திகள் தனித்தாளில் எழுதப்பட்டன. மூல ஏடுகள் எரிந்தபின் இத்தேடல் தாள்களே எஞ்சின. செல்வர் தம் குலப்பெருமைக்காக எடுத்த படிகளோடு, ஏழைக் கிழவர் வாரத்துக்கு ஐந்து வெள்ளிக்காசு வேண்டி எழுப்பிய கேள்வியும் ஒரு நாட்டின் நினைவைச் சிறிது காத்துத் தந்தது.

எல்லா ஏடுகளையும் ஓரிடத்தில் திரட்டுவதே பாதுகாப்பு என்று திருமண்டலங்களில் சிலர் கூறும்போது நாம் இதனை நினைவூட்ட விரும்புகிறோம். திரட்டலாம், ஆனால் படியெடுக்காமல் திரட்டலாகாது. ஒளிப்படம் எடுத்தல் இந்நாளில் ஒரு கைப்பேசியாலும் ஆகும் எளிய செயல். படி ஒன்று சேகரத்திலும் ஒன்று திருமண்டலத்திலும் இருக்கட்டும். 2003இல் திருநெல்வேலித் திருமண்டலத்திலிருந்து தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலம் பிரிந்ததுபோல ஆட்சி எல்லைகள் மாறும்போது, எந்த ஏடு எங்கே இருக்கிறது என்னும் பட்டியலாவது இரண்டிடத்திலும் இருத்தல் இன்றியமையாதது. செல்லுக்கும் ஈரத்துக்கும் நம் எல்லைகள் தெரியா.

கடல்கடந்தோர்

1860 நவம்பர் 16ஆம் நாள் ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. அவர்களுள் கிறிஸ்தவரும் இருந்தனர். 1911வரை அங்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளர் தொகை ஒன்றரை இலட்சத்துக்கு மேல். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இடப்பட்டு, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உடலிலுள்ள தழும்பு ஆகியன எழுதப்பட்டன. மொரீசியசுக்கும் பீஜித் தீவுக்கும் சென்றோர்க்கும் இத்தகைய ஏடுகள் உண்டு. மொரீசியசின் ஏடுகளில் புகைப்படங்களும் உள்ளன. ஊரில் தங்கிய கூலிக்காரனின் பெயர் எந்த அரசாங்க ஏட்டிலும் இல்லாதிருக்க, கூலியாய்க் கடல் கடந்தவனின் நெற்றித் தழும்புகூடப் பதிவாகியுள்ளது. அவனைக் காப்பதற்காக அன்று, அவன் தப்பியோடினால் அடையாளம் காண்பதற்காகவே அது எழுதப்பட்டது. எனினும் இன்று அவன் சந்ததியார் அத்தழும்பைப் பற்றிக்கொண்டே தம் ஊரைத் தேடி வருகின்றனர். ஊர்ப்பெயர் ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தவாறு சிதைந்திருக்கும். அதனைச் சரியாக ஒலித்துப் பார்த்து, இன்ன ஊராயிருக்கலாம் என்று கூறவல்லவர் அப்பகுதியின் குருவானவரும் உபதேசியாருமே.

இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றோர்க்கு இந்த அளவு ஏடுகூட இல்லை. கங்காணியின் கீழ்க் குடும்பம் குடும்பமாகச் சென்றவர்கள் அவர்கள். தோட்டத்துச் செக்ரோலில் நாட்கூலிக்காகப் பேர் இருந்தது, வேறில்லை. இதன் விளைவு 1948இல் வெளிப்பட்டது. அவ்வாண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், அந்நாட்டில் பிறந்தவரும் தம் தந்தை அங்கே பிறந்ததை, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததை மெய்ப்பித்தால்தான் மரபுவழிக் குடிமக்கள் ஆவர் என்று விதித்தது. பாட்டன் பிறந்ததற்குச் சான்று காட்டக் கூடிய தோட்டத் தொழிலாளர் எத்தனை பேர்? இலட்சக்கணக்கானோர் நாடற்றோர் ஆயினர். 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் செய்தபோது இவ்வாறிருந்தோர் தொகை 9,75,000 எனக் கணக்கிட்டனர்; அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவாயிற்று; எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும் என்றனர். கொடிவழி தேடுதல் ஓய்ந்திருப்போரின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் இவ்வெண்களைச் சற்று நோக்குதல் நலம். ஒரு பாட்டனின் பிறப்பு எங்கும் எழுதப்படாமையால் ஒரு பேரன் எந்நாட்டுக்கும் உரியவன் அல்லாதவன் ஆனான்.

ஏட்டிலுள்ள சாதி

இங்கே நாம் கூசும் ஒரு செய்திக்கு வருகிறோம். பழைய பதிவேடுகள் பலவற்றில் சாதி எழுதப்பட்டுள்ளது. 1833இல் வில்சன் அத்தியட்சர் சபைக்குள் சாதி வேறுபாடு அறவே ஒழியவேண்டுமெனச் சுற்றறிக்கை விடுத்தார். சபைகள் பல கலங்கின. அதன்பின்னும் ஏட்டில் சாதி நின்றது. எனவே முன்னோரைத் தேடி வருவோர் கையில் ஏட்டைக் கொடுக்கும்போது, அவர்தம் குடும்பத்தார் மறைக்க விரும்பியதையும் சேர்த்தே கொடுக்கிறோம்.

மறைக்க விரும்புவோரும் உளர், காட்ட விரும்புவோரும் உளர். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து சமயத்தாரல்லாதார் பட்டியல் சாதியினராகக் கருதப்படார் என்றது. 1956இல் சீக்கியர்க்கும் 1990இல் பௌத்தர்க்கும் அத்தடை நீங்கியது; கிறிஸ்தவர்க்கு நீங்கவில்லை. 2022இல் மத்திய அரசு இதனை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையம் அமைத்தது. இவ்வழக்கில் நியாயம் வேண்டும் தலித் கிறிஸ்தவர்க்கு, தம் முன்னோர் யாராயிருந்து சபைக்குள் வந்தனர், வந்தபின்னும் எவ்வாறு நடத்தப்பட்டனர் என்பதற்கான சான்று நம் பதிவேடுகளில் இருக்கிறது. தனித்தனியே எழுதிய பட்டியல்களும் தனித்தனியே பிரித்த கல்லறைத் தோட்டங்களும் அச்சான்றுகளே. அவை சபைக்கு இழுக்கு என்று கருதி மையிட்டு மறைப்பவர், சபையின் குற்றத்தோடு சேர்த்து அம்மக்களின் உரிமையையும் மறைக்கிறார். எம் நிலை இதுவே: எழுதியதை எவரும் அழித்தலாகாது. குடும்பத்தார் தம் முன்னோரைப் பற்றிக் கேட்டால் உள்ளது உள்ளவாறே படியெடுத்துக் கொடுத்தல் வேண்டும். ஆனால் அயலாரின் கொடிவழியைத் திருமணத் தரகர்க்கும், தேர்தல் காலத்தில் உட்பிரிவு எண்ணுவோர்க்கும் காட்டுதல் குருத்துவப் பணிக்கு உரியதன்று. இப்பின்னைய கேள்வியோடு வருவோரே, உண்மையில், எண்ணிக்கையில் மிகுதி.

குடும்ப நூல்கள் அச்சிடுவோரிடமும் ஒன்று சொல்லவேண்டும். குருவானவர், உபதேசியார், மருத்துவர், தலைமையாசிரியர் என வரும் அந்நூல்களின் வரிசையில் பனையேறியவரும் கூலிவேலை செய்தவரும் இடம் பெறுவதில்லை. கிறிஸ்துவை விட்டுப் பழைய வழிக்குத் திரும்பிய தம்பி விடுபடுகிறார். இலங்கைக்குச் சென்று திரும்பாத சித்தப்பா விடுபடுகிறார். பதிவேடுகளோ இவர்களை விடவில்லை. மத்தேயு தம் முதல் அதிகாரத்தில் தாமாரையும் ராகாபையும் ரூத்தையும் உரியாவின் மனைவியையும் விடாது எழுதியதை ஒவ்வோர் ஆண்டும் திருவருகைக் காலத்தில் பிரசங்கிக்கும் நாம், நம் வீட்டுக் கொடிவழியில் மட்டும் அவர்களுக்கு ஒப்பானோரை அடித்துவிடுவது ஏன் என்று மாணவர் கேட்டால் விடை கூறுதல் எளிதன்று.

எஸ்றாவின் இரண்டாம் அதிகாரத்தில் வேறொரு காட்சி. பாபிலோனிலிருந்து திரும்பிய ஆசாரியருள் சிலர் தம் வம்ச அட்டவணையைத் தேடிக் காணாமையால் ஊழியத்துக்கு விலக்கப்பட்டனர். சிறையிருப்பில் ஏடு இழந்தது அவர்கள் குற்றமோ என்று அவ்வதிகாரம் கேட்பதில்லை.

தாது வருஷப் பஞ்சத்தில் நாசரேத்து முதலிய இடங்களில் மிஷனரிமார் அநாதைச் சாலைகளைத் திறந்தனர். நாசரேத்தில் 1876இல் பணியேற்ற மார்காஷிஸ் ஐயர் அப்பிள்ளைகளுக்குத் தொழில் கற்பிக்க 1878இல் கைத்தொழிற் பாடசாலையையும் ஏற்படுத்தினார். பஞ்சத்தில் பெற்றோரை இழந்து, தம் ஊரும் சொல்லத் தெரியாத வயதில் இத்தகைய இல்லங்களில் சேர்ந்த பிள்ளைகள், தச்சராகவும் கொல்லராகவும் தையற்காரராகவும் ஆசிரியராகவும் வளர்ந்து குடும்பங்களுக்கு முதல்வராயினர். அவர்களின் சந்ததியார் வந்து கேட்கும்போது ஏட்டில் நாம் காட்டக்கூடியது ஒரு நாளும், புதிதாக இட்ட ஒரு பெயரும், ஞானஸ்நானம் கொடுத்தவரின் கையெழுத்துமே. தகப்பன் பெயர் எழுதும் கட்டம் வெறுமையாயிருக்கும். படியெடுப்போர் சிலர் அக்கட்டத்தில் மிஷனரியின் பெயரையோ, பிற்காலத்தில் குடும்பத்தார் ஊகித்துக் கூறியதையோ எழுதி நிரப்புகின்றனர். அவ்வாறு செய்யலாகாது. வெறுமையாயிருப்பதை வெறுமையாகவே படியெடுத்து, அவ்வாண்டின் அடக்கப் பதிவேட்டில் பெயரின்றி எழுதப்பட்டவர்களின் பக்கங்களையும் அப்படியோடு சேர்த்துக் கட்டி வைத்தல் வேண்டும்.